கல்லுக்கு வயது சொன்ன ஸ்டோலிச்கா

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், புவியமைப்பியல் துறை மாணவன் எழுதியது)

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் பழமொழி. கடுகினும் சிறிய கடலுயிரின் ஓடு ஒன்று, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைக்கு வயது சொல்கிறது என்றால் வியப்பாக இல்லையா? மண்ணில் கிடக்கும் கல்லைக் காலால் உதைத்துவிட்டுப் போவோர் பலர். அதைக் குனிந்து எடுத்து, அதற்குள் இருப்பது என்ன என்று பார்ப்போர் சிலர். அந்தச் சிலருள் முன்வரிசையில் வைத்துப் போற்றத் தக்கவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

அவர் தமிழர் அல்லர். ஆயினும் அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் கல்லும் மண்ணும் உலக அறிவியல் நூல்களில் இடம்பெறக் காரணமானவர்களுள் ஒருவர். முப்பத்தாறு வயதில் மறைந்தார். அந்தக் குறுகிய வாழ்வில் அவர் செய்து முடித்ததை, எங்கள் துறை நூலகத்தில் அமர்ந்து படித்த மாணவன் என்ற முறையில், நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வனக்காவலர் மகன்

இன்று செக் குடியரசு என வழங்கும் நாட்டின் ஒரு பகுதி மொராவியா. அது அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. அங்குள்ள க்ரோமெரிஷ் என்னும் ஊருக்கு அருகில், 1838ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்டோலிச்கா பிறந்தார். தந்தையார் பேராயர் ஒருவரின் காடுகளைக் காக்கும் வனக்காவலர். மாளிகையில் பிறந்தவர் அல்லர், மரங்களுக்கிடையே வளர்ந்தவர். பறவையின் குரலும் பூச்சியின் நிறமும் அவருக்கு முதல் பாடப் புத்தகமாக இருந்திருக்கும் எனலாம்.

பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே எடுவார்ட் சூஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். பிற்காலத்தில் கோண்டுவானா என்னும் பழைய பெருநிலத்துக்குப் பெயர் தந்தவர் இந்தச் சூஸே. 1861இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் ஸ்டோலிச்காவுக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 23. ஆஸ்திரியப் புவியமைப்பியல் நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளிலும் ஹங்கேரியிலும் பாறைகளை ஆராய்ந்தார்.

நுண்ணிய ஓடுகளில் தொடங்கிய பணி

அக்காலத்தில் ஆஸ்திரியக் கடற்படையின் நோவாரா என்னும் கப்பல் உலகைச் சுற்றி வந்தது. 1858ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நம் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்து சென்ற கப்பல் அது. பின்பு நியூசிலாந்தை அடைந்தது. அங்கே சேகரித்த கற்கள் வியன்னாவுக்கு வந்தபோது, அவற்றுள் இருந்த மிக நுண்ணிய தொல்லுயிர் எச்சங்களை ஆராயும் பொறுப்பு இளைஞரான ஸ்டோலிச்காவிடம் வந்தது. நியூசிலாந்தின் வைங்கரோவா துறைமுகத்து மணற்கல்லில் இருந்த ஃபோராமினிஃபெரா பற்றி அவர் எழுதிய ஆய்வு, நோவாரா பயண அறிக்கையில் வெளியாயிற்று. பிற்காலத்தில் நியூசிலாந்து அறிஞர்கள் தம் நாட்டுப் பாறைக் காலங்களுள் ஒன்றுக்கு அந்த வைங்கரோவாவின் பெயரையே சூட்டினர்.

ஃபோராமினிஃபெரா என்பது என்ன? அது ஒரே ஓர் உயிரணு கொண்ட கடலுயிர். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பாலோ மணல் துகள்களாலோ அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு மில்லி மீட்டருக்கும் சிறியவை. சில இனங்கள் கடலடித் தரையில் வாழும். சில நீரில் மிதந்து திரியும். இறந்தபின் ஓடு கடலடிச் சேற்றில் படிந்து, காலப்போக்கில் பாறையின் பகுதியாகிவிடும். இவ்வினத்தில் பெரியவையும் உண்டு. எகிப்தின் பிரமிடுகளைக் கட்டிய சுண்ணாம்புக்கல்லில் நாணயம் போலக் காணப்படும் நம்முலைட்டுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. இக்கூட்டத்துக்கு 1826இல் பெயரிட்டவர் ஆல்சிட் தோர்பினி என்னும் பிரெஞ்சு அறிஞர்.

காலக் கணக்கு எப்படி?

பாறைக்கு வயது காண்பதில் இரண்டு விதிகள் அடிப்படையானவை. முதலாவது, அடுக்கு கலையாமல் இருந்தால், கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது. வீட்டில் நெல் மூட்டைகளை அடுக்கும்போது முதலில் வந்த மூட்டை அடியில்தானே இருக்கும்! இரண்டாவது, ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்தக் காலத்துக்கு உரிய உயிர்களே காணப்படும். அழிந்துபோன இனம் மீண்டும் தோன்றுவதில்லை. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணியில் இருந்த வில்லியம் ஸ்மித் இதைக் கண்டறிந்து, அதைக்கொண்டு 1815இல் தம் நாட்டுப் பாறைப் படத்தை வெளியிட்டார்.

ஆகவே, குறுகிய காலமே வாழ்ந்து, உலகெங்கும் பரவி, ஏராளமாகக் கிடைக்கும் இனமே காலம் காட்டும் எச்சமாகப் பயன்படும். மிதக்கும் ஃபோராமினிஃபெரா இம்மூன்று தகுதிகளையும் ஒருங்கே பெற்றவை. கைப்பிடி களிமண்ணில் நூற்றுக்கணக்கில் இருக்கும். நீரோட்டம் அவற்றைக் கடல்தோறும் கொண்டு சென்றதால், அரியலூரில் கிடைக்கும் இனமே ஐரோப்பாவிலும் கிடைக்கலாம். இரண்டு இடத்துப் பாறைகளும் ஒரே காலத்தவை என்று அப்போது துணியலாம். ஆனால், இத்தனை கோடி ஆண்டு என்ற எண்ணிக்கையை ஓடு நேராகத் தருவதில்லை. அடுக்குகளுக்கிடையே கிடைக்கும் எரிமலைச் சாம்பலில் உள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்து பெறும் எண்ணை, ஓட்டின் வரிசையோடு பொருத்திக்கொள்கிறார்கள். ஒன்று வரிசை காட்டும். மற்றொன்று ஆண்டு காட்டும்.

திருச்சிச் சீமையின் பழங்கடல்

தமிழகத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டையொட்டி, கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லான சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டினர். அவை இலண்டனுக்குப் போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் 1846இல் அவற்றை விவரித்து, அவை கிரெட்டேசியஸ் காலத்தவை என்றார். ஆனால், புதுச்சேரிப் பாறை மற்ற இரண்டைக் காட்டிலும் மிக மூத்தது என்பது அவர் கருத்து. தோர்பினியோ அது பிற்பட்டதே என்றார். ஒரே சிப்பிகளைக் கொண்டு இரண்டு பெரியவர்கள் இரண்டு வயது சொன்னார்கள்! அந்த நூற்றாண்டின் இறுதியில் காஸ்மட் என்னும் ஆஸ்திரியர் ஆராய்ந்து, புதுச்சேரிப் பாறை பிற்பட்டதே என்று நிலைநாட்டினார்.

இதற்கிடையே, 1851இல் இந்தியப் புவியமைப்பியல் அளவாய்வுத் துறை தொடங்கப்பட்டது. தாமஸ் ஓல்டாம் அதன் தலைவர். ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டு 1857 முதல் திருச்சிச் சீமையை அளந்து, பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பிரித்தார். நம் ஊர்ப் பெயர்கள் உலகப் பாட நூல்களில் ஏறியது அப்போதுதான். இந்தப் பிளான்ஃபோர்டே 1875இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். கோடைக்கானல் வானாய்வுக் கூடம் பிற்காலத்தில் பல ஆண்டுகள் அத்துறையின் கீழ்தான் இயங்கிற்று என்பது எங்கள் மலைக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி.

சிப்பிகள் மலைபோல் குவிந்தன. அவற்றை இனம் பிரிக்க வல்லவர் வேண்டும். ஓல்டாம் வியன்னாவிலிருந்து ஸ்டோலிச்காவை அழைத்தார். 1862இல் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். பிளான்ஃபோர்டு தொடங்கி வைத்திருந்த வேலையை ஏற்றுக்கொண்டு, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேலாக அதைச் செய்தார். ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகள் முதலில். அடுத்துச் சங்கு, நத்தை வகைகள். அதற்கடுத்து இருபக்கச் சிப்பிகள். இறுதியில் பவளங்கள், கடல் முள்ளெலிகள், பாசி விலங்குகள். 1873இல் பணி நிறைவுற்றபோது, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்கள் பற்றிய நூல் நான்கு பெருந்தொகுதிகளாக நின்றது.

ஒவ்வோர் ஓட்டையும் ஐரோப்பிய ஓடுகளோடு ஒப்பிட்டு, ஊட்டத்தூர்த் தொகுதி செனோமேனியன் காலத்துக்கும், திருச்சிராப்பள்ளித் தொகுதி டுரோனியன் காலத்துக்கும், அரியலூர்த் தொகுதி செனோனியன் காலத்துக்கும் இணையானவை என்று அவர் முடிவு கூறினார். இன்று எல்லைகள் நுட்பமாகத் திருத்தப்பட்டுள்ளன. ஊட்டத்தூர்ப் பாறைகள் அவர் கருதியதைவிட முன்பே தொடங்கிவிட்டன என்று தெரிந்திருக்கிறது. எனினும் அவர் காட்டிய வரிசை மாறவில்லை. கணிப்பொறி இல்லை; கதிரியக்க முறை பிறக்கவே இல்லை; கண்ணும் உருப்பெருக்கியும் பொறுமையும் மட்டுமே இருந்தன!

இமயமலைச் செலவு

1864, 1865 ஆகிய ஆண்டுகளின் கோடைக் காலத்தில் அவர் இமயமலையில் ஸ்பிதி, ருப்ஷு, லடாக் பகுதிகளுக்குச் சென்றார். காற்றே குறைந்த உயரத்தில், மட்டக்குதிரையின் மேல் கற்களை ஏற்றிக்கொண்டு நடந்தார். அங்குள்ள அடுக்குகளுக்கு முத், குலிங், லிலாங், கியூமல், சிக்கிம் என்று அந்தந்த ஊர்ப் பெயர்களையே சூட்டினார். (இந்தச் சிக்கிம் ஸ்பிதியில் உள்ள ஒரு சிற்றூர், சிக்கிம் மாநிலம் அன்று.) அவர் ஸ்பிதி களிப்பாறை என்று அழைத்த கருநிற அடுக்கு, நேபாளம் வரை நீண்டு செல்கிறது. கண்டகி ஆற்றில் கிடைத்து, நம் வீடுகளில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமங்கள் அதிலிருந்து வரும் அம்மோனைட்டுகளே.

சிக்கிம் ஊரின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லில் அவருக்குப் பெரிய சிப்பி அதிகம் அகப்படவில்லை. உடைந்த துண்டுகளும் ஃபோராமினிஃபெராவும் கிடைத்தன. வியன்னாவில் கற்ற நுண்ணோட்டுக் கல்வி அங்கே கைகொடுத்தது. 13,000 அடிக்கு மேற்பட்ட அம்மலை கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது என்பதை அவை காட்டின. கடலடி எப்படி மலையுச்சி ஆயிற்று என்ற விளக்கம் அவர் காலத்தில் இல்லை. இந்தியப் பெருந்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியதை உலகம் ஏற்றுக்கொண்டது அவர் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்புதான்.

அவர் கல்லோடு நின்றவர் அல்லர். பறவை, பாம்பு, பல்லி, சிலந்தி, நத்தை என எதையும் விடவில்லை. பர்மா, மலேயா, அந்தமான், நிக்கோபார், கட்ச் எனச் சுற்றினார். வறண்ட நிலத்துக் குருவி ஒன்றை 1872இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். ஸ்டோலிச்கா புதர்ச்சிட்டு என அவர் பெயராலேயே அது அறியப்படுகிறது. வங்காள ஆசியவியல் கழகத்தில் இயற்கை வரலாற்றுச் செயலாளராகவும் தொண்டாற்றினார்.

இறுதிப் பயணம்

1873இல் ஃபோர்சித் தலைமையில் யார்க்கண்டுக்கு அரசுத் தூதுக்குழு புறப்பட்டது. அதில் அறிவியல் அறிஞராக ஸ்டோலிச்கா சேர்ந்தார். லே வழியாகக் காரகோரத்தைக் கடந்து யார்க்கண்டு, காஷ்கர் சென்றனர். பாமீர் பீடபூமியையும் பார்த்தனர். உயர்ந்த மலைப் பயணங்களில் ஏற்கெனவே உடல் நலிந்தவர் அவர். திரும்பும் வழியில், 1874 ஜூன் மாதம், 18,000 அடிக்கு மேல் உள்ள காரகோரம் கணவாயைக் கடந்தபின் தலைவலியும் மூச்சுத் திணறலும் மிகுந்தன. ஜூன் 19ஆம் நாள், லடாக்கில் முர்கி என்னும் இடத்தில் உயிர் பிரிந்தது. உடலை லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர். அரசு எழுப்பிய நினைவுத்தூண் அங்கே இன்றும் நிற்கிறது.

அவர் திரட்டிய பொருள்களையும் எழுதிய குறிப்புகளையும் கொண்டு, யார்க்கண்டுப் பயணத்தின் அறிவியல் முடிவுகள் 1878 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தன. அம்மோனைட் பேரினம் ஒன்றுக்கு ஸ்டோலிச்காயா என்று பெயர் வைத்தனர். உழைத்த கை ஓய்ந்தது, உழைப்பு ஓயவில்லை.

அவருக்குப் பின்

நுண்ணோட்டு ஆய்வு தமிழகத்தில் அவருக்குப் பின்னரே தழைத்தது. நின்னியூர்ப் பகுதியின் கல்லான பாசிகளைப் பற்றி, பெங்களூரின் எல். ராமராவும் ஆஸ்திரிய அறிஞர் யூலியஸ் பியாவும் 1936இல் எழுதினர். பின்வந்த நம் நாட்டு அறிஞர்கள், மிதக்கும் ஃபோராமினிஃபெராவைக் கொண்டு அரியலூர் அடுக்குகளை மேலும் நுட்பமாகப் பிரித்தனர். ரோட்டாலிபோரா என்னும் இனம் ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. குளோபோட்ரங்கானா வகையினம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு மறைந்தது. முதலாவது இருக்கும் களிமண் எது, இரண்டாவது இருக்கும் களிமண் எது என்று பார்த்தால், எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் துறை களப்பயணத்தில் காரை என்னும் ஊருக்குச் சென்றோம். செங்களிமண் மேடுகளில் மழைநீர் அரித்த ஓடைகள். இடையிடையே பளபளக்கும் ஜிப்சக் கோடுகள். விரல் போன்ற பெலம்னைட்டுகள். கொண்டுவந்த களிமண்ணை நீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, உலர்த்தி, கருந்தட்டில் தூவி, நுண்ணோக்கியில் பார்த்தோம். ஈரத் தூரிகையின் நுனியால் ஓர் ஓட்டைத் தொட்டு எடுத்தபோது, மூச்சு பட்டால் பறந்துவிடுமோ என்று அஞ்சினேன். அது ஒன்பது, பத்துக் கோடி ஆண்டு கடந்து என் தூரிகைக்கு வந்த ஓடு!

இது பொழுதுபோக்குக் கல்வி என்று எண்ண வேண்டா. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளையிடும் கருவி பெரிய சிப்பிகளை நொறுக்கிவிடும். நுண்ணோடுகள் மட்டும் சிதையாமல் மேலே வரும். காவிரிப் படுகையின் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் தேடிய பணியில் நுண்ணுயிர் எச்ச ஆய்வுக்கு இடமுண்டு. டெல்டா உழவர்களின் நிலமும் நீரும் கெடக்கூடாது என்ற குரல் எழுந்து, 2020இல் தமிழக அரசு அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்ததையும் நாம் அறிவோம். எங்கே தோண்டலாம், எங்கே தோண்டலாகாது என்று தீர்மானிக்கவும் மண்ணின் கதை தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

பழனிமலைக்கு வயது என்ன?

நான் பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நானே. அப்பா மலைவாழைத் தார்களை வெட்டித் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுவந்து, வத்தலக்குண்டு மண்டிக்கு அனுப்புபவர். விடுமுறையில் வீட்டுக்குப் போனால், கல்லைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று மாமா கேட்கிறார். படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வந்தால் பனியன் கம்பெனியில் உடனே வேலை என்றும் சொல்கிறார். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்பா இவற்றில் எதுவும் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும், நம் மலைக்கு என்ன வயது என்று உன் படிப்பில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஃபோராமினிஃபெரா விடை தராது. கோடைக்கானல் தூண்பாறையும் எங்கள் ஊர்ப் பாறையும் சார்னோக்கைட் இனத்தைச் சேர்ந்தவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இங்கிருந்து போன பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்து, 1893இல் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருமாறிய பாறை ஆதலால், அதில் சிப்பியும் இல்லை, ஓடும் இல்லை. அதற்குச் சிர்க்கான் என்னும் கடுகளவு தாதுமணியில் உள்ள யுரேனியமும் ஈயமும் சாட்சி சொல்கின்றன. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இப்பாறைகள் அவ்வெப்பத்தில் உருமாறின என்று அவை காட்டுகின்றன.

ஆயினும் ஸ்டோலிச்காவின் சிப்பிகள் ஒன்றைச் சொல்கின்றன. ஊட்டத்தூர்க் கடல் தன் மணலையும் களிமண்ணையும் இத்தகைய பழம்பாறைகளின் மேல்தான் விரித்தது. கீழே இருப்பது மூத்தது என்ற விதிப்படி, அரியலூரில் கடல் அலையடித்த நாளிலேயே நம் பாறை கிழப்பாறை. சமவெளியின் சிப்பிக்கு வயது தெரிந்ததால், மலைப்பாறை அதனினும் மூத்தது என்பது நுண்கருவி இல்லாமலேயே விளங்குகிறது. இதை அப்பாவிடம் மூட்டை அடுக்கிய உவமையோடு சொன்னேன். அவர் சற்று நேரம் எதிரே தெரிந்த பாறையைப் பார்த்திருந்தார். பின்பு, தங்கையும் படிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்த ஆண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் இன்னும் கேள்வியாகவே இருக்கின்றன. மாமாவின் அழைப்பும் அப்படியே இருக்கிறது. ஆனால், காட்டைக் காத்தவரின் மகன், வாங்கிய பட்டத்தோடு நின்றுவிடாமல், பிறந்த மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு வந்து, நம் மண்ணின் சிப்பிகளுக்கு வரிசை எழுதினார். அவருக்கு இருந்தவை கண், கை, இடைவிடாத முயற்சி. அம்மூன்றும் நம்மிடமும் உண்டு. அரியலூர் செல்லும் நண்பர்கள் சாலையோரத்துச் சுண்ணாம்புக்கல்லை ஒருமுறை குனிந்து பாருங்கள். சிமெண்டாகப் போகுமுன், அதன் கதையை யாராவது படித்துவைக்க வேண்டும். அந்த யாராவது, நம் கல்லூரியின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுள் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?